உப்பில் புதைத்த பேட்டரி

பேட்டரி விஷயத்தில் நான் யாருக்கும் தாட்சண்யம் பார்க்கிறதில்லை. மற்ற எல்லாவற்றிலும் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சாம்பார் தீய்ந்து போயிருந்தால்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஆனால் வீங்கிப்போன பேட்டரியைக் கையில் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்லா?” என்று கேட்டபடி யாராவது என் கடைப்படி ஏறினால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இறங்க முடியாது.

மில்லர்புரத்தில் எனக்கு மின்சார ஸ்கூட்டர் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பழுது பார்க்கிற இடம். வெளியே, சுவரை விட்டு நன்றாகத் தள்ளி, மழை படாமல் தகரம் போட்டு ஓர் இரும்பு டிரம் வைத்திருக்கிறேன். அதில் பாதிக்குக் காய்ந்த மணல். செல்போன் பேட்டரி, பவர் பேங்க், எமர்ஜென்சி விளக்கைப் பிரித்தால் உள்ளே இருக்குமே அது, எது வந்தாலும் முதலில் முனைகளில் டேப் ஒட்டுவேன். அப்புறம் ஒன்றோடொன்று உரசாதபடி மணலுக்குள் வைப்பேன். மூடியை இறுக்க மாட்டேன். உள்ளே ஏதாவது புகைந்தால் காற்றுப் போக வழி வேண்டும். டிரம் நிறைகிறதற்குள் மறுசுழற்சிக்காரர்கள் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். தெருவுக்குப் புதிதாகக் கடை வைக்க வந்த அண்ணாச்சி ஒருவர் அதைக் குப்பைத்தொட்டி என்று நினைத்து வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டார். அன்றைக்கு நான் ஏசிய ஏச்சில், இன்றைக்கும் என் கடை வாசலைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

கம்பெனிக்காரர்கள் கோயம்புத்தூரில் நடத்திய பயிற்சிக்குப் போயிருந்தேன். திறந்த வெளியில் ஒரு சின்ன பேட்டரியை வைத்து, எல்லோரையும் தூர நிறுத்தி, எந்திரத்தை வைத்து அதில் ஓர் ஆணியை இறக்கிக் காட்டினார்கள். கண்ணிமைக்கிற நேரத்தில் புகைந்து, வெடித்துப் பற்றியது. ஒரு தடவை பார்த்தது போதும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்குகிற இடத்தில் வேலை பார்க்கிறார். லித்தியம் பேட்டரி வருகிற பெட்டியில் ஆபத்தான சரக்கு என்று ஒட்டியிருக்கும், அதைத் தனியாகத்தான் அடுக்குவோம் என்பார். அத்தனை பெரிய துறைமுகமே அதைத் தள்ளி வைத்துத்தான் பார்க்கிறது. நம்ம ஆட்கள் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார்கள். கோபம் வராதா?

அந்த மார்கழியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மில்லர்புரத்தில் தெருவே குளமாகிவிட்டது. ஆத்தூர் பக்கம் தாமிரபரணி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முதல் வேலை, என்னிடம் வண்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டதுதான். “வண்டி முங்கிச்சா? முங்கிச்சின்னா சார்ஜ் மட்டும் போட்டுராதீங்க. பேட்டரியைக் கழத்தி, வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளில வையுங்க. நான் ஆள் அனுப்புதேன்.”

சண்டை போடாதவர்கள் குறைவு. புதுப் பேட்டரி என்றால் வண்டி விலையில் பாதி. அவர்களுக்கும் வயிற்றெரிச்சல் இருக்கும்தானே. “மொட்டை மாடியில நல்லா காய வச்சிட்டேன், இப்ப சும்மா கிண்ணுனு இருக்கு” என்பார்கள். “தண்ணி காஞ்சிரும். உள்ள போன சகதியும் உப்பும் எங்க போவும்?” என்று கேட்பேன். உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருக்கும். நாம் எல்லாவற்றையும் மறந்த ஒரு நாளில் பற்றும். திட்டியோ கெஞ்சியோ அத்தனை பேரிடமிருந்தும் வாங்கிவிட்டேன். ஒரே ஓர் ஆள்தான் தரவில்லை. அது என் சொந்த அக்காவின் வீட்டுக்காரர்.

அத்தானுக்கு ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கை சும்மா இருக்காது. மோட்டார் பம்பு, மிக்ஸி, சுவர்க் கடிகாரம் எது நின்றாலும் தானே பிரித்து, தானே மாட்டி, ஓட வைத்துவிடுவார். கடைக்காரனிடம் கொண்டுபோவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கடைக்காரி கொழுந்தியாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெள்ளம் வடிந்த சகதியில் அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. அவளைப் பார்க்கத்தான் ஆத்தூருக்குப் போனேன். முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். ஒன்றுக்குப் போவதற்குக்கூட அத்தான்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவளிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, காப்பி போடலாம் என்று அடுக்களைக்குப் போனேன். அடுக்களையை ஒட்டிப் பின்னால் ஓலைச் சாய்ப்பு. வெற்றிலைக் கட்டுகளுக்கு வேண்டிய வாழைச்சருகையும் நாரையும் அங்கேதான் குவித்து வைத்திருப்பார்கள். அந்தச் சருகுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி நிறையக் கல்லுப்பு. உப்புக்கு மேலே பேட்டரியின் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் உப்பு என்பது சமையல் சாமான் மட்டும் இல்லை. புதுவீடு குடிபோனால் முதலில் உப்புத்தான் உள்ளே போகும். கண் பட்டால் உப்பைத்தான் சுற்றிப் போடுவோம். செல்போன் தண்ணீரில் விழுந்தால் வேறு ஊர்களில் அரிசிக்குள் போடுகிறார்களாம். எங்கள் ஊரில் உப்புக்குள். ஊரைச் சுற்றி உப்பளம் உப்பளமாக விளைகிறபோது வேறு எதைத் தேடுவார்கள்?

“என்ன அத்தான் இது?” என்று பின்னால் வந்து நின்றவரிடம் கேட்டேன்.

“பாத்தா தெரியல? ஈரத்தை இழுக்கதுக்குப் போட்டு வச்சிருக்கேன். சாளையும் நெத்திலியும் உப்புல கெடந்தா மாசக்கணக்கா கெடாம இருக்குல்லா? இது அதைவிடப் பெருசாக்கும்?”

“அத்தான், சாளைக்குள்ள கரண்டு கெடையாது.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. நானும் கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வராது.

“உப்பு ஈரத்தை இழுக்கும், நான் இல்லன்னா சொல்லுதேன்? இழுத்த ஈரத்தோட நசநசன்னு பேட்டரி முனையிலயே ஒட்டிக்கிட்டு கெடக்கும். உப்புத்தண்ணி கரண்டைக் கடத்தும். சும்மா கெடக்கும்போதே உள்ள அரிக்கும். இதுல சார்ஜ் வேற போட்டியன்னா வீடு நிக்காது. என்கிட்ட குடுத்துருங்க.”

“இது என் பொருளு. எனக்குப் பாத்துக்கத் தெரியும்.”

முன்னறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “ஏளா, வந்ததும் வராததுமா அவரோட மல்லுக்கு நிக்காத. அவரு கை வச்சி எது ஓடாம போயிருக்கு?”

“யக்கா, ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா உன்னால எந்திச்சி ஓட முடியுமா?”

“எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ காப்பியைப் போடு.”

எவ்வளவு பேசினாலும் இவர்கள் காதில் ஏறாது என்று தெரிந்துவிட்டது. சார்ஜர் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதனால் வெள்ளத்துக்குத் தப்பியிருந்தது. புறப்படும்போது அத்தான் வழக்கம்போல ஒரு கட்டு வெற்றிலை கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சார்ஜரை எடுத்துக் கூடையில் போட்டு, அந்த வெற்றிலையையே மேலே வைத்து மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இதில் எனக்குத் துளிகூட வெட்கம் கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

மறுநாள் காலையில் அத்தானிடமிருந்து போன் வந்தது.

“ஏளா, சார்ஜரை எடுத்துட்டா போன?”

“ஆமா.”

“கேக்காம எடுத்தா அதுக்கு என்ன பேரு?”

“என்ன பேரு வேணும்னாலும் வச்சிக்கோங்க அத்தான். பேட்டரி இங்கன வந்தா சார்ஜர் அங்கன வரும்.”

“உன்கிட்ட மட்டுந்தான் சார்ஜர் இருக்கா? இனி உங்க வாசப்படியை நான் மிதிச்சா என்னன்னு கேளு!” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அக்காவும் போனை எடுக்கவில்லை. மாவுக்கட்டோடு கிடக்கிறவளிடம் ரெண்டு வார்த்தை பேச முடியாமல் போனது எனக்கு ஆறவே இல்லை.

“விடு, அது செத்துப்போயி ஓடாமத்தான் கெடக்கும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஓடாம கெடந்தா நல்லது. ஓடிருச்சின்னாதான் எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

பொங்கல் நெருங்கியதும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில், கட்டிக் கொடுத்த பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து பொங்கல்படி போக வேண்டும். கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, பச்சரிசி, பானை எல்லாம் கொண்டுபோய் இறக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் இல்லாததால் அக்காவுக்கு நான்தான் தாய்வீடு. எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் வருகிற படியை யாரும் வேண்டாம் என்று திருப்ப மாட்டார்கள், தெருவே சிரிக்கும். அதைவிட முக்கியம், படி வந்த தாம்பாளத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. அரிசியோ பழமோ ஏதாவது ஒன்றை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த வருஷப் படியில் கரும்போடு ஒரு புதுப் பேட்டரியையும் சேர்த்து வைக்கப்போகிறேன், தாம்பாளத்தில் பழைய பேட்டரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரப்போகிறேன் என்று முடிவு பண்ணினேன். பேட்டரிக்கு மஞ்சளும் குங்குமமும்கூட வைத்தேன். எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் முற்பகல், லோடு ஆட்டோவில் ஆத்தூர் போய் இறங்கினேன். அத்தானைத் தெருவுக்கே கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கையில் கொடுக்க வேண்டும் என்று, புதுப் பேட்டரியை மட்டும் ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். கரும்புக்கட்டையும் பானையையும் தாம்பாளத்தையும் வாசல் நிலைக்கு உள்ளே வைத்தேன். எதிர்வீட்டார் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

உள்ளே காலை வைத்ததும் மூக்கில் ஏறியது. லேசான இனிப்பு வாடை. நகப்பூச்சுப் பாட்டிலைத் திறந்தால் வருமே, அது மாதிரி.

“யக்கா, என்ன வாடை இது?”

“காலையிலேருந்தே அடிக்கு. பொங்கலுக்கு யார் வீட்டுலயோ பெயின்ட் அடிக்காவ போல” என்றாள் கட்டிலில் கிடந்தபடி.

பேட்டரி கசிந்தால் வருகிற வாடை அது. அதற்குள் பின்பக்கத்திலிருந்து அத்தானின் குரல், அப்படி ஒரு குஷியாக வந்தது. “வந்துட்டாளா? வரச்சொல்லு! பேட்டரி ஆவாதுன்னு சொன்னாளே. பச்சை லைட்டு எரியுது, வந்து பாக்கச்சொல்லு!”

ஓடினேன். சாய்ப்பில், சருகுக் குவியலுக்குப் பக்கத்தில், பலகை மேல் பேட்டரி உட்கார்ந்திருந்தது. அடுத்த தெருவில் இதே வண்டி வைத்திருக்கிறவரிடம் சார்ஜர் இரவல் வாங்கியிருக்கிறார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது என்னவோ உண்மைதான். ஆனால் பேட்டரியின் பக்கவாட்டு புடைத்துக்கொண்டு நின்றது. டிக் டிக் என்று ஒரு சத்தம். அதற்கு அடியில் சன்னமாக ஒரு சீறல். கையை நீட்டி அடுக்களைச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். சீறல் நிற்கவில்லை.

அத்தானுக்கும் அப்போதுதான் விளங்கியது. “நான் தூக்கிக் கொல்லையில எறிஞ்சிருதேன்” என்று குனிந்தார்.

“அதைத் தொடாதிய!” என்று நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். “எரிஞ்சா எரியட்டும்! அக்காவைத் தூக்குங்க!”

ஒரு நொடி அவர் பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் முன்னறைக்கு ஓடினார். கட்டிலின் தலைமாட்டை அவர் பிடிக்க, கால்மாட்டை நான் பிடித்தேன். அக்கா, “என்ன, என்ன?” என்று அலறினாள். வாசலுக்கு வந்தால் வழியை அடைத்துக்கொண்டு நான் கொண்டுவந்த படி. படியைக் காலால் தொடுவதே பாவம் என்பார்கள். நான் கரும்பையும் பானையையும் தாம்பாளத்தையும் ஓங்கி ஓர் எத்து எத்தினேன். பானை உருண்டு வாசற்படியில் விழுந்தது, அரிசி தெருவெல்லாம் சிதறியது. கட்டிலைச் சரித்து நிலையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியபோது பின்னால் டமார் என்று கேட்டது. வெள்ளைப் புகை குப்பென்று எழும்பியது. அடுத்தாற்போல் தீ.

பயந்துவிட்டேன். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வாய் நிற்கவில்லை. “யாரும் பின்பக்கம் போவாதிய! புகையைக் குடிச்சிராதிய! அடுக்களையில சிலிண்டர் இருக்கு, எல்லாரும் தள்ளிப் போங்க!” ஆட்டோக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். வாடைக்காற்று புகையைக் கொல்லைப்பக்கம் தள்ளியது, அதுவரைக்கும் புண்ணியம். தீயணைப்பு வண்டி வந்ததும் ஓடிப்போய், “லித்தியம் பேட்டரி, அணைஞ்ச மாதிரி இருக்கும், திரும்பப் பத்தும், தண்ணியை நிறுத்திராதிய” என்றேன். “தெரியும்மா, நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் ஒருவர் அமைதியாக. அப்படியே விடாமல் ஊற்றினார்கள். சாய்ப்பு போய்விட்டது, அடுக்களைச் சுவர் கரியாகிவிட்டது. சிலிண்டர் தப்பியது. முன்னறைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது பின்னால் தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், தூக்க ரெண்டு பேர் இல்லாமல் இருந்திருந்தால் அக்கா அந்தக் கட்டிலில்தான் கிடந்திருப்பாள் என்பது.

அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டே, “பொங்கப்பானை உருண்டு போச்சேளா” என்றாள்.

“பானையா ஒனக்கு இப்ப பெருசு? கூறுகெட்டவளே!” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. நான் கோபம் வந்தால்தான் அழுவேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளுடைய மாவுக்கட்டின் மேல் ஒரு கையை வைத்தபடி எரிகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்புக்காரர்கள் சொன்னபடி ஒரு நாள் விட்டு, என் இரும்பு டிரம்மோடு போய், எரிந்து கிடந்ததை மணலில் அள்ளிப்போட்டு எடுத்து வந்தேன். புதுப் பேட்டரியை அவர்கள் வீட்டு முன்வாசலில் இறக்கி வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சார்ஜர் மட்டும் என் கடை மேஜைக்குள்ளேயே கிடந்தது. இரவல் சார்ஜர் தீயோடு போய்விட்டது. இது இல்லாமல் வண்டி ஓடாது. அவர் வாய் திறந்து கேட்கட்டும் என்று நானும் பிடிவாதமாக இருந்தேன். அவர் கேட்கவில்லை.

மாசி பிறந்து ஒரு நாள், கடையில் நல்ல கூட்டம். அத்தான் வாசலில் நின்றார். தோளில் துண்டு, கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசலை மிதித்து உள்ளே வந்து, துணியைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். என் தாம்பாளம். நான் எத்தியதில் விளிம்பு நெளிந்திருந்தது.

தாம்பாளத்தின் ஓரத்தில் ஆத்தூர் வெற்றிலை ஒரு கட்டு. நடுவில், பழம் அடுக்குகிற மாதிரி வரிசையாக, அக்காவின் பழைய செல்போன் பேட்டரி, உப்பிப்போன பவர் பேங்க், எமர்ஜென்சி விளக்கிலிருந்து எடுத்த பேட்டரி, மருந்தடிக்கிற எந்திரத்துப் பேட்டரி, டார்ச் லைட்டினுடையது. இன்னும் என்னென்னவோ, அவர்கள் வீட்டில் அவ்வளவு கிடையாது, தெரு முழுக்கக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டியிருந்தது, சுருக்கமில்லாமல், அவர் கைக்கே உரிய நறுவிசோடு. கடையில் இருந்தவர்கள் என்ன ஏது என்று புரியாமல் பார்த்தார்கள்.

“தட்டை வெறுமையா குடுத்து விடக்கூடாதுன்னு உங்கக்கா சொல்லிட்டா” என்றார்.

வெற்றிலைக் கட்டை என் மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டு, அவரே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் டிரம்மின் மூடியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடு ஒன்று படாமல் மணலுக்குள் வைத்தார்.

இப்போது தாம்பாளம் காலி. அதை நானும் வெறுமையாகக் கொடுக்கக் கூடாதே. உள்ளே போய் மேஜையைத் திறந்து, சார்ஜரை எடுத்துத் துடைத்து, தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன்.

அத்தான் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “எங்கன வச்சி போடணும்?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“முன்வாசல்ல, வெளிய வச்சி போடுங்க. நீங்க முழிச்சிருக்கும்போது மட்டும். அக்கா படுக்கிற பக்கம் வேண்டாம்.”

“அவதான் இப்ப நல்லா நடக்காளே.”

“நடந்தாலும்” என்றேன்.

“சரி” என்றார்.